தம்பி அடைத்த ஓட்டைகள்

ஆம்புலன்ஸ் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஊரே தங்களுக்கு வழி விட வேண்டும் என்ற நினைப்பு லேசில் போகாது. சைரன் அக்காவுக்கு ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. கடையில் வரிசையில் நின்றால் அவளுக்குக் கால் அரிக்கும். அந்தப் பெயரை வைத்தது உடன் வேலை பார்த்தவர்கள். வண்டியின் சைரனை மனதில் வைத்து வைத்தார்களா, அவள் தொண்டையை மனதில் வைத்தா என்று யாரும் அவளிடம் விளக்கவில்லை. அவளும் அதை ஒரு பட்டம் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

வேலையை விட்டதும் அவள் செய்த முதல் காரியம், உள்ளேயே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் வைத்த ஒரு பழைய கேம்பர் வேனை வாங்கியது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களை அவசரமாகக் கொண்டுபோனவளுக்கு, இனி அவசரமே இல்லாமல் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. புருஷன் தையல்காரர். பேச்சு குறைவு. மேசையில் தையல் மெஷினை நாலு திருகு போட்டு இறுக்கிக்கொண்டு, அவள் முன்னால் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து தைப்பார். களைத்தால் அங்கேயே படுக்கையில் சாய்வார். துணியும் நூலும் பறக்கும் என்று பின்பக்க ஜன்னல்களை இறுக மூடிவிடுவார். அவளோ முழங்கையை வெளியே நீட்டி, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவாள். ரோட்டுச் சத்தம் காதில் விழாவிட்டால் அவளுக்கு வண்டி ஓட்டியது போலவே இருக்காது. ஒரே வண்டியில் இரண்டு வீடு என்று அவர்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை.

வண்டியின் ஆரோக்கியம் தம்பியின் பொறுப்பு. தம்பி மெக்கானிக். பெரிய ரோட்டின் முனையில் தகரக் கூரை போட்ட வொர்க்ஷாப், வாசலில் நடுவழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வருவதற்கு ஒரு சின்ன இழுவை லாரி. அம்மா வேலைக்குப் போன வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான். அவன் தொழில் தொடங்கியபோது வண்டியைத் தூக்க முதல் ஜாக்கி வாங்கிக் கொடுத்ததும் இவள்தான். அதை அவள் ஒளித்து வைத்ததில்லை. கல்யாணமோ கருமாதியோ, நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த ஜாக்கியில் வந்து நிற்கும். தம்பி சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வான். அவள் அதை அடக்கம் என்று நினைத்தாள்.

அவன் மேல் அவளுக்கு இருந்தது சாதாரண நம்பிக்கை இல்லை. தண்ணீரைக் கூட வடிகட்டிக் குடிப்பவள், அவன் கை பட்ட வண்டியை மட்டும் குனிந்து பார்க்கமாட்டாள். முழங்கால் ஆபரேஷனுக்காக அவள் படுத்த குளிர்காலத்தில் வேன் அவனிடம்தான் நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்புதான் எஞ்சினை முழுவதும் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதுசு போல ஆக்கியிருந்தார்கள். அதையும் செய்தது அவனே. மூன்று மாதம் கழித்து அவள் கம்பு ஊன்றிப் போய் வண்டியை எடுத்தபோது, வண்டியில் பழைய வீரம் இல்லை. மேட்டில் மூச்சு வாங்கியது. முந்துவதற்கு அழுத்தினால் யோசித்தது.

"வண்டிக்கும் வயசாகுதுல்லக்கா," என்றான் தம்பி. "உனக்கும் கால் இன்னும் சரியாகல. அழுத்துறேன்னு நினைச்சுட்டு பாதி அழுத்துற."

அவள் வண்டியைச் சந்தேகப்படவில்லை. தன் காலைச் சந்தேகப்பட்டாள். கொஞ்ச நாள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தரையை அழுத்தி அழுத்திப் பழகியும் பார்த்தாள். வயது வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வது அவளுக்கு வாயில் கசந்தது.

அதன் பிறகுதான் சைலன்சர் தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் லேசாக உறுமியது, பிறகு மூடி போடாத வாய் மாதிரி சத்தம் போட்டது. அவள் போன் செய்த உடனே தம்பி வந்துவிடுவான். தரையில் சாக்கை விரித்துப் படுத்து, தகரம் வெட்டி, கிளாம்பு போட்டு, சூடு தாங்கும் பட்டையைச் சுற்றி அடைத்துவிடுவான். "பேசாம புதுசு மாத்திடலாமாடா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"நான் இருக்கும்போது உனக்கு எதுக்குக்கா புதுசு? இது பழைய கட்டை. நான் வந்து வந்து பாத்துக்கிறேன். வேற எவன்கிட்டயும் கொண்டுபோயிடாத, கெடுத்துடுவான்."

அதைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். தம்பி மகள்கள் இரண்டு பேரையும் ஒரு விடுமுறைக்காவது வேனில் கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அது மட்டும் நடக்கவில்லை. ஒரு தடவை நீச்சல் வகுப்பு, ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை காரணமே இல்லை. தம்பி மனைவிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று அவள் முடிவு கட்டி, அந்த மனத்தாங்கலோடே இருந்தாள்.

தையல்காரருக்குத் தலைவலி வந்தது இந்தச் சமயத்தில்தான். வேனில் ஏறி ஒரு மணி நேரம் போனால் நெற்றிப்பொட்டில் யாரோ ஊசி ஏற்றுவது போல இருக்கிறது என்பார். பிறகு குமட்டும். பிறகு தூக்கம் தூக்கமாக வரும். ஒரு நாள் அளவு பார்த்து வெட்டிய சட்டையின் இரண்டு கையும் இடது கையாக இருந்தது. தொழிலுக்கு வந்த நாள் முதல் அவர் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச நேரம் உலாவினால் சரியாகிவிடும். டாக்டர் கண்ணாடியை மாற்றினார், இரத்த அழுத்த மாத்திரை கொடுத்தார், குனிந்து தைக்காதீர்கள் என்றார். தையல்காரரிடம் குனியாதே என்றால் அவர் என்னதான் செய்வார்.

சைரன் அக்கா அவரைக் கடிந்துகொண்டாள். தைப்பதை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தியும் வலித்தது. கடைசியில் ஒருநாள் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் இனிமே வரல. நீ போயிட்டு வா."

"எதுக்கு வரல?"

"வண்டி எனக்கு ஒத்துக்கல."

"வண்டியா, நானா?"

அவர் ஊசியில் நூல் கோர்த்தார். அவளுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. இந்த மனுஷனோடு சேர்ந்து போவதற்காகத்தானே வண்டி. கடலோரமாக இருக்கிற சாலை முழுவதும் ஒரு முறை, மெதுவாக, ஊர் ஊராக நின்று போக வேண்டும் என்று இருவரும் எத்தனை நாள் பேசியிருக்கிறார்கள். இப்போது அவருக்கு வேண்டாமாம். தன்னோடு இருப்பது அலுத்துவிட்டது, அதைச் சொல்லத் துணிவில்லாமல் தலைவலியைச் சாக்காக வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தாள். தம்பியிடம் போய் அழுதாள். அவன் அவள் தோளைத் தட்டினான்.

"மாமாவுக்கு வயசாகுதுக்கா. வண்டிய வித்துடு. வீட்ல நிம்மதியா இரு."

வண்டியை விற்பதென்றே அவள் பாதி முடிவுக்கு வந்துவிட்டாள். ஆனால் ஓட்டைச் சைலன்சரோடு ஒருவன் தலையில் கட்ட அவளுக்கு மனம் ஒப்பவில்லை. தம்பிக்கு அந்த மாதம் முதுகுப் பிடிப்பு. பெல்ட் போட்டுக்கொண்டு நடந்தான். பாவம், அவனை எதற்குத் தரையில் படுக்க வைக்க வேண்டும் என்று, அவனிடம் சொல்லாமலே உதிரிபாகக் கடையில் முழு செட் சொல்லிவிட்டாள்: முன்குழாய், நடுக்குழாய், சைலன்சர், வால்குழாய், தொங்கவிடும் ரப்பர் வரைக்கும். அவனுக்கு ஒரு சிரமம் குறையட்டும் என்று அவள் நினைத்த அந்த நினைப்புதான் அவன் குட்டை உடைத்தது.

மாட்டித் தர வந்தவர் பக்கத்து வீட்டுக் குழாய்க்காரர். வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிறவர். "எனக்கு வண்டியெல்லாம் தெரியாது. ஆனா குழாய்னா குழாய்தானே. உள்ள தண்ணி போனா என்ன, புகை போனா என்ன," என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு முன்னால் சமமான தரையில் வேனை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, இரும்பு முக்காலிகளில் இறக்கினார்கள். துருப்பிடித்த போல்ட்களுக்கு எண்ணெய் அடித்து ஊற விட்டார்கள். சைரன் அக்கா பழைய சீருடைக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு அட்டையை விரித்துப் பக்கத்திலேயே படுத்தாள்.

பின்னாலிருந்து கழற்றத் தொடங்கினார்கள். சைலன்சர் ரப்பரிலிருந்து விடுபட்டு மார்பில் வந்து உட்கார்ந்தது. குழாய்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டைக்கு மேல் பட்டை, தகரத்துக்கு மேல் தகரம். ஒரு தகரத்தில் எண்ணெய் டின்னின் படம்கூட அழியாமல் இருந்தது.

"இது சைலன்சரா, கட்டுப்போட்ட காலா?" என்றார்.

"என் தம்பி வேலை. ஒரு இழை புகை வெளிய வராது," என்றாள் அவள். அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் சொன்னாள்.

"கீழ வராது," என்றார் அவர். சைலன்சரின் மேல்முகத்தைக் காட்டினார். அங்கே ஒட்டு எதுவும் இல்லை. அவருடைய இரண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. நிமிர்ந்து பார்த்தார்கள். நேர் மேலே வேனின் அடித்தளம் கரிப்பிடித்திருந்தது. பழைய தண்ணீர்க் குழாய் போன துளை ஒன்று அங்கே மூடாமல் கிடந்தது. அதைச் சுற்றிக் கரி இன்னும் தடிப்பாக இருந்தது. துளைக்கு மேலே படுக்கை.

"மேல கை எட்டாதுல்ல," என்றாள் அவள். "கழட்டாம எப்படி ஒட்ட முடியும்?"

"கழட்டி ஒட்டலாமே," என்றார் குழாய்க்காரர். அவர் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

மீதிக் குழாய்களும் கீழே வந்தன. புதுக் குழாயைத் தூக்கி எஞ்சின் வாயில் பொருத்தப் போனார்கள். பொருந்தவில்லை. புதுக் குழாயின் முனைத் தகட்டில் மூன்று துளை. எஞ்சின் பக்கம் நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. பழைய குழாய் எப்படி உட்கார்ந்தது என்று பார்த்தால், நடுவில் ஒரு கைவெட்டுத் தகடு வைத்து, ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் மூன்று என்று துளை போட்டுப் பற்றவைத்திருந்தது. சைரன் அக்காவுக்கு வாய் துறுதுறுத்தது. கடைக்காரன் தப்பான சாமானை ஏமாற்றிக் கொடுத்துவிட்டான் என்று கரிக் கையோடு கிளம்பிப் போய், அவனைக் கடையிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

உதிரிபாகக் கடைக்காரர் நல்ல சட்டை போட்டிருந்தார். படுக்க மனமில்லாமல் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் படுத்தே பார்த்தார்.

"பைப் சரியாத்தான் குடுத்திருக்கேன். இந்த வேனுக்கு மூணு போல்ட்தான்."

"அப்ப இது என்ன?"

"இது அதே கம்பெனியோட சின்ன லாரி எஞ்சின். ரெண்டு வண்டிக்கும் அடிச்சட்டம் ஒண்ணுதான், அதனால உள்ள உக்காந்துக்கும். ஆனா இதுக்கு நாலு போல்ட் வரும். எஞ்சின எப்ப மாத்துனீங்க?"

"மாத்தல."

"மாத்தியிருக்கீங்களே."

அவள் அட்டையில் மறுபடி படுத்தாள். அந்தக் கைவெட்டுத் தகட்டைப் பார்த்தாள். பற்றவைத்த கோடு முடிகிற இடத்தில் ஒரு சின்னச் சுழி. அவள் வீட்டுக் கேட்டில் அந்தச் சுழி இருக்கிறது. உடைந்த நாற்காலிக் காலில் இருக்கிறது. தம்பி எதைப் பற்றவைத்தாலும் கையை எடுக்கும்போது அப்படி ஒரு சுழி விழும். எத்தனை பேர் கேலி செய்தும் அவனால் அதை மாற்ற முடியவில்லை. அதே கம்பெனியின் சின்ன லாரி யாரிடம் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் ஆபரேஷனுக்குப் படுத்த குளிர்காலத்தில் அந்த லாரி எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றதும், கொஞ்ச நாளில் புது மாப்பிள்ளை போல் ஓடத் தொடங்கியதும் அவள் அறிந்ததுதான். "லாரி சத்தமே அம்சமா இருக்குடா" என்று அவனைப் பாராட்டியிருக்கிறாள். தன் எஞ்சினின் சத்தத்தைத் தானே பாராட்டியிருக்கிறாள்.

குழாய்க்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. இப்போது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவிழ்ந்தது. ஏன் புதுச் சைலன்சர் கூடவே கூடாது என்றான், ஏன் வேறு மெக்கானிக்கிடம் போகாதே என்றான், ஏன் போன் செய்த அரை நாழிகையில் வந்து நின்றான். அவள் கண்ணெதிரே குழாய்களைக் கழற்றினால் முழுப் பூசணிக்காயும் வெளியே வந்துவிடும். அதனால் கழற்றாமலே, கைக்கு எட்டிய இடத்தில் மட்டும் பூசி மெழுகியிருக்கிறான். அவள் பாசம் என்று கொண்டாடியதெல்லாம் காவல். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, அவளோ வேலிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதைவிடப் பெரியது ஒன்று அதற்குப் பிறகுதான் அவளை வந்து தாக்கியது. மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டிவிட்டுத் தூங்கியவர்களை அவள் எத்தனை முறை தூக்கிப்போட்டுக்கொண்டு பறந்திருக்கிறாள். தலைவலி, குமட்டல், தூக்கம், குழப்பம். வெளிக்காற்றுக்கு வந்தால் தெளிவு. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்றே அவளால் அதைச் சொல்லிவிட முடியும். சொந்தப் புருஷன் இரண்டு வருடமாக அதே வார்த்தைகளைச் சொன்னார், அவள் காதில் விழவில்லை. விழாததற்குக் காரணம், அந்தச் சைலன்சர் தம்பி பார்த்த சைலன்சர். அதில் ஓட்டை இருக்க முடியாது.

வீட்டுக்குள் போனாள். தையல்காரர் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், உட்காராமல் நின்றபடியே. அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?"

"என்னது ஒண்ணுமில்லையா?"

"தலைக்குள்ள ஏதோ கட்டின்னு நினைச்சுட்டிருந்தேன். அதான் வரலன்னேன். ரோட்ல நடுவுல எனக்கு எதாவது ஆச்சுன்னா நீ தனியா என்ன பண்ணுவ. உன்கிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன்னை வேண்டாம் என்கிறார் என்று இவள் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம், அவர் இவளுக்காகத் தனியாகச் சாகத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு அவரே ஏதோ யோசித்துச் சொன்னார்.

"மச்சான் ஒரு தடவை சொன்னான். பின்னாடி ஜன்னலைத் திறந்து வைங்க மாமா, காத்து வரட்டும்னு. நான்தான் துணி பறக்கும்னு மூடிடுவேன்."

"எப்ப சொன்னான்?"

"ரொம்ப நாளாச்சு. உனக்குக் கால் சரியாகி வண்டிய எடுத்தோமே, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு, சைலன்சர் உறும ஆரம்பிச்சப்ப."

அவள் எழுந்தாள். கரிக் கையைக்கூடக் கழுவவில்லை.

வொர்க்ஷாப் வாசலில் லாரி நின்றது. அவள் தம்பியைக் கூப்பிடவில்லை. லாரியின் முன்மூடியைத் தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்தி, கழுத்தை உள்ளே விட்டுப் பார்த்தாள். மூன்று போல்ட். லாரியின் நாலு துளைக் குழாயை அதோடு சேர்க்க இங்கேயும் ஒரு கைவெட்டுத் தகடு, ஒரு சுழி. தம்பி இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன், மூடி திறந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"இது யாரோட எஞ்சின்டா?"

அவன் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"சொல்லணும்னுதான் இருந்தேன்கா. சீசன் நேரம், லாரி படுத்துடுச்சு. நீயும் கட்டோட படுத்திருந்த. உன் எஞ்சின லாரில வச்சுட்டு, லாரியோடத ஒப்பேத்தி உன் வண்டில ஏத்திட்டேன். வேற எஞ்சின் கிடைச்சதும் திருப்பி மாத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ வந்து எடுத்துட்ட."

"என்கிட்ட கேக்க முடியலையா?"

"கேட்டா குடுத்திருப்ப." அவன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான். "குடுத்துட்டு ஊர் முழுக்கச் சொல்லுவ. ஒரு ஜாக்கிக்கே இன்னும் நான் தலையைக் குனிஞ்சுட்டிருக்கேன். எஞ்சினுக்கு எங்க போயி குனியறது?"

அது அவளுக்கு வலித்தது. உண்மையாக இருந்ததால் வலித்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள்.

"சரி. நான் சொல்லிக் காட்டுனது தப்பு. எஞ்சின விடு," என்றாள். "சைலன்சருக்கு மேல்பக்கம் ஓட்டை இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் லாரியின் மூடியை இறக்கக் கை நீட்டினான். அவள் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவ ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னியே, எதுக்கு?"

"நான்தான் கூப்பிட்டப்பல்லாம் வந்து அடைச்சேனேக்கா."

"நான் பாக்கிற பக்கம் அடைச்ச."

உள்ளேயிருந்து தம்பி மனைவி வந்தாள். சண்டைச் சத்தம் கேட்டு வரவில்லை, இரண்டு பேரும் அன்று சத்தம் போடவே இல்லை. சத்தம் கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்திருக்கும். திறந்த மூடியையும், நாத்தனாரின் கரிக் கையையும், புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் கை வாய்க்குப் போனது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைங்கள அந்த வேன்ல அனுப்பக் கூடாதுன்னு இவர்தான் சொன்னார். உள்ள புகை வருது, பிள்ளைங்களுக்கு ஆகாதுன்னு. உங்ககிட்ட சொல்லிட்டார்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். நீங்க மறுபடி மறுபடி கூப்பிடவும், என்ன இப்படிக் கேக்கறாங்கன்னு எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

சைரன் அக்கா தம்பியைப் பார்த்தாள். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவும் தெரிந்திருக்கிறது. பெற்ற பிள்ளைகளை ஒதுக்கி வைக்கிற அளவுக்குத் தெரிந்தவன், அந்தப் படுக்கையில் அவள் புருஷன் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக் கையசைத்து வழியனுப்பியிருக்கிறான். தலைவலிக்காரருக்கு வயதாகிவிட்டது என்று அவளுக்கே ஆறுதலும் சொல்லியிருக்கிறான். திருட்டைக்கூட அவள் ஒருநாள் மன்னித்திருப்பாள். அந்த ஆறுதலை மன்னிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"அவருக்கு எதாவது ஆயிருந்தா?" என்று கேட்டாள்.

"ஆகாதுன்னு நினைச்சேன்கா."

"உன் பிள்ளைங்களுக்கு ஆகும்னு நினைச்ச."

அவன் முகம் சுருங்கியது. அழுதான். சின்ன வயதில் அவன் அழுதால் இவளும் அழுவாள். வீட்டில் யார் அடி வாங்கியது என்று அம்மாவுக்குத் தெரியாமல் போகும். அன்று இவளுக்கு ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"என் எஞ்சின் எனக்கு வேணும்," என்றாள். "எடுத்தது நீ. நீயே வை. நான் உக்காந்து பாப்பேன்."

"முதுகு சரியானதும் நானே வந்து வண்டிய எடுத்துட்டு வந்து முடிச்சுடறேன். நீ எதுக்கு இங்க வந்து உக்காரணும். நம்பிக்கை இல்லையாக்கா?"

"இல்ல," என்றாள்.

அடுத்த வாரம் வேனைத் தட்டுத்தடுமாறிக் கயிறு கட்டி இழுத்து வந்து வொர்க்ஷாப்பில் நிறுத்தினார்கள். இழுத்து வந்தது வேறொருவருடைய வண்டி. சைரன் அக்கா வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து, எஞ்சினைத் தூக்கக் கப்பி மாட்டிய சங்கிலிக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். தையல்காரர் வரவில்லை. "உன் தம்பி, நீ பாத்துக்க," என்று சொல்லிவிட்டார். அதில் கோபம் இருந்ததா, பெருந்தன்மை இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு எஞ்சினை இறக்கி இன்னொன்றை ஏற்ற நாள்கணக்கில் ஆனது. அவள் தினமும் வந்தாள். அவன் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கும்போது அவள் கண் அவன் கையிலேயே இருந்தது. அவன் ஆரம்பத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். அம்மாவைப் பற்றி ஏதோ சொன்னான், மூத்த மகளின் பரீட்சையைப் பற்றிச் சொன்னான். அவள் ம் என்றாள். கடைசி நாள் புதுக் குழாயைத் தூக்கி வைத்தான். மூன்று துளையும் மூன்று போல்ட்டில் தடையில்லாமல் போய் உட்கார்ந்தன. புதுச் சைலன்சர் ஏறியது. கேட்காமலே படுக்கைக்குக் கீழே இருந்த பழைய துளையையும் தகரம் வைத்துப் பற்றவைத்து மூடினான். வண்டியைக் கிளப்பியபோது சத்தம் அடக்கமாக, கனமாக வந்தது. அவள் உள்ளே ஏறிப் படுக்கையில் முகத்தைக் கவிழ்த்து மோந்து பார்த்தாள். தையல் துணியின் வாசனைதான் இருந்தது.

மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் வண்டி கொண்டுவந்தால், வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமான்களை எல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். மாற்றியது மாற்றியதுதான், ஏமாற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. சொந்தக்காரர்களுக்கு யாரும் காட்டுவதில்லை. காட்டினால் அவர்களுக்கு அது அவமானம். என்னைச் சந்தேகப்படுகிறவன் என்று நினைத்துவிட்டாயா என்று சண்டைக்கு வருவார்கள். இத்தனை வருடத்தில் தம்பி அவளுக்கு ஒரு பழைய திருகைக்கூடக் காட்டியதில்லை.

அவன் தரையில் ஒரு சாக்கை உதறி விரித்தான். அந்தக் கைவெட்டுத் தகடு, தேய்ந்த கேஸ்கட், துருப்பிடித்த போல்ட்கள், பழைய குழாய்த் துண்டுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். ஓட்டைச் சைலன்சரை மேல்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தான். பிறகு இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, கைகளை முன்னால் கட்டிக்கொண்டான்.

"பாத்துக்கங்க," என்றான்.

அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவன் அப்படிக் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மடக்கிச் சாக்கின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள்.